வசனம் இல்லாமல் ஒரு கதை



இந்த முறை எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எடுத்த குறும்படங்களைப் பற்றிப் பேசுவோம். பள்ளிக்கூடத்தில் சினிமாவா என்று திகைக்க வேண்டாம். வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால் இன்று படம் எடுக்கும் கருவியும் இருக்கிறது.

'எங்கள் தாத்தா பாட்டி' என்று தலைப்புக் கொடுத்து, மூன்று நிமிடம் போதும் என்றேன். ஒரு மாணவன் கொண்டுவந்த படத்தில் தாத்தா நாற்காலியில் அமர்ந்து, "நான் தோட்டத்தில் பால் வெட்டினேன். மிகவும் கஷ்டப்பட்டேன்" என்று ஒப்புவித்தார். பேரன் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொல்லியிருக்கிறார், பாவம்! பார்த்த பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

"தம்பி, ஒரு வார்த்தைகூட இல்லாமல் எடுத்து வா" என்றேன்.

"பேசாவிட்டால் கதை எப்படிப் புரியும், டீச்சர்?"

நியாயமான கேள்விதான். பதிலாக, 1987இல் வெளிவந்த 'பேசும் படம்' என்ற படத்திலிருந்து சில காட்சிகளைப் போட்டுக் காட்டினேன். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கமல்ஹாசனும் அமலாவும் நடித்தது. பெயர்தான் பேசும் படம். முழுப் படத்திலும் வசனம் கிடையாது. ஆனால் பழைய காலத்து ஊமைப்படமும் அல்ல. தெருச் சத்தம் உண்டு, இசை உண்டு.

வேலையில்லாத இளைஞன் ஒருவன் பெரிய ஓட்டல் ஒன்றில் தங்குகிறான். மெத்தை இருக்கிறது, தூக்கம் வரவில்லை. அவன் பழைய அறைக்குப் பக்கத்தில் சினிமாக் கொட்டகை. அந்த இரைச்சலில் தூங்கிப் பழகியவன். அந்தச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து வந்து, ஓட்டல் அறையில் ஓடவிட்டுத் தூங்கிப் போகிறான். இடம் மாறினாலும் பழக்கம் மாறாது என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்னொரு காட்சியில் தெருவோரப் பிச்சைக்காரர் இறந்து கிடக்கிறார். அவர் சேர்த்து வைத்த பணம் வெளிப்பட்டதும், கூடியவர்கள் அதை அள்ள முண்டியடிக்கிறார்கள். இறந்தவரைப் பார்க்க ஆளில்லை. இப்போது வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பிறகு மூன்று செய்திகளைக் கரும்பலகையில் எழுதினேன். ஒன்று, மனத்தில் இருப்பதைக் கை செய்து காட்ட வேண்டும். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டால் போதாது. இரண்டு, தூரத்திலிருந்து எடுத்தால் இடம் தெரியும். கிட்டப் போய் எடுத்தால் மனம் தெரியும். மூன்று, அந்த இடத்தில் இயல்பாக எழும் சத்தத்தை விட்டுவிடாதே.

அடுத்த வாரம் அதே மாணவன் வந்தான். அவன் படத்தில் விடியற்காலை நான்கு மணி. ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமான் வீடு. யாரும் எழுப்பாமலே தாத்தா எழுகிறார். அவர் பெரட்டுக்கு நின்ற தோட்டம் எப்போதோ செம்பனைக் காடாகிவிட்டது. சுவரில் மாட்டியிருக்கும் பால் வெட்டும் உளியை எடுக்கிறார். கட்டை விரலால் கூர் பார்க்கிறார். துணியால் துடைத்து, மறுபடியும் அங்கேயே மாட்டுகிறார். கதவைத் திறந்து இருட்டைப் பார்த்தபடி உட்காருகிறார். தூரத்தில் ஒரு லாரி போகும் சத்தம். அவ்வளவுதான்.

நான் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். "கடைசியில் ஒரு சோகப் பாட்டுச் சேர்க்கலாமே" என்றேன்.

"வேண்டாம் டீச்சர். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் பாட்டே இருக்காது" என்றான். ஆசிரியை அன்று மாணவியானேன்!

பெற்றோர் கூட்டத்தில் அதைத் திரையிட்டோம். முடிந்ததும் பையனின் அப்பா என்னிடம் வந்தார். "இருட்டோடு எழுந்து கதவைத் திறக்கிறாரே என்று தினமும் சத்தம் போடுவேன், டீச்சர்" என்றார். மேலே பேசவில்லை.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார்; பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் ஒன்று. சொல்லாததைப் புரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம் போலும். நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் தங்கள் கதையைச் சொல்லிப் பழகாதவர்கள். கேட்டால், "என்ன இருக்கிறது சொல்ல?" என்பார்கள்.

பெற்றோர்களே, இந்த விடுமுறையில் பிள்ளையிடம் பத்து நிமிடம் கைப்பேசியைக் கொடுங்கள். பாட்டியிடம் அனுமதி கேட்டு, அவர் வேலை செய்யும் கைகளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்து முடித்ததும் குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.