கருவி வந்தது, பெயர் வந்ததா?

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூரைச் சுற்றிய சிற்றூர்ப் பிள்ளைகளும் அக்கருவியைப் பெற்றனர். மடிக்கணினி என்னும் நற்றமிழ்ப் பெயர் அரசாணையோடு நில்லாது ஊர்மக்கள் நாவிலும் ஏறிற்று. தமிழில் பெயரிட்டால் மக்கள் ஏற்கார் என்று புலம்புவார்க்கு இதனினும் வேறு மறுப்பு வேண்டுவதில்லை.

ஆயினும், மேலே ஏறிய தமிழ் உள்ளே புகவில்லை. பாடநூலில் செயலி, நினைவகம், விசைப்பலகை எனத் தூய பெயர்கள் அச்சேறியிருக்க, கடைத்தெருவில் பிராசசர், மெமரி, கீபோர்டு என்பனவே ஆட்சி செய்கின்றன. ஆங்கிலேயச் சிறுவனுக்கு மவுசு என்பது எலி. மெமரி என்பது நினைவு. இரண்டும் அவன் வீட்டுச் சொற்கள். 1960களில் அமெரிக்க அறிஞர் எங்கல்பார்ட்டின் ஆய்வகத்தில் உருவான சிறு மரப்பெட்டிக் கருவியின் கம்பி வால்போல் தோன்றவே, அங்கிருந்தோர் அதனை எலியென்று அழைத்தனர். அவ்வளவே! அத்துணை எளிமையாய்ப் பிறந்த பெயரைத் தமிழ்ப்பிள்ளை பொருளறியாது உருப்போடுகின்றான். சுட்டி என்று சொல்லுக. அகரச் சுட்டும் இகரச் சுட்டும் கற்ற பிள்ளைக்கு அதன் தொழில் அக்கணமே விளங்கும்.

பொருள் விளங்காப் பெயரால் வரும் இழப்பு மொழிக்கு மட்டுமன்று, கைப்பொருளுக்கும் உண்டு. மெமரி என்னும் ஒரே சொல்லைக் கடைக்காரர் இருவேறு உறுப்புகட்கு வழங்குகின்றார். கருவி மெதுவாக இயங்குகிறதென்று உழவரொருவர் கொண்டுசென்றால், மெமரி போதவில்லை என்பது விடை. அவரோ வீடு திரும்பித் தம் மகள் திருமணப் படங்களை ஒவ்வொன்றாய் அழிக்கின்றார். கருவியின் விரைவு கூடவில்லை. போதாதது நினைவகம், அவர் வெறுமையாக்கியது சேமிப்பகம்.

இவ்வேறுபாட்டை உத்திரமேரூர்க்காரர்க்கு விளக்க வேறெங்கும் செல்லவேண்டா. முதற் பராந்தகச் சோழன் காலத்தே, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் உள. பெயரெழுதிய ஓலையைச் சிறுவனொருவன் குடத்திலிருந்து எடுக்க, நடுவர் விரல் விரித்த உள்ளங்கையில் ஏற்று அவையோர் கேட்கப் படித்தாராம். அவ்வோலை அப்போதைய வேலைக்கு உரியது. இன்று அவற்றுள் ஒன்றும் நம்மிடம் இல்லை. தேர்தல் விதிகளோ கல்லில் 1,100 ஆண்டுகளாக நிற்கின்றன. நினைவகம் கையிலேந்திய ஓலை. மின்னோட்டம் நின்றால் அதிலுள்ளது மறையும். சேமிப்பகம் கற்சுவர், மின்னோட்டம் நின்றாலும் எழுதியது இருக்கும். தட்டெழுதிய கட்டுரையைச் சேமிக்காமல் கருவியை அணைத்த மாணவன் ஓலையில் எழுதிக் காற்றில் விட்டவனே. (அக்கல்வெட்டில் வடசொற்கள் விரவியுள்ளமை வேறு செய்தி, குடமும் ஓலையும் குடும்பும் நம்முடையவை.)

சொல்லாக்கத்தில் நம்மவர் செய்த பிழையையும் மறைத்தலாகாது. ஆர்டு டிசுக்கு என்பதனை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்து வன்தட்டு என்றனர். இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சுழலும் தட்டே இல்லை; சில்லுகளே செய்தியைத் தாங்குகின்றன. தட்டுப் போனது, பெயர் பொருந்தாது நிற்கிறது. தொழில் நோக்கிப் பிறந்த சேமிப்பகம் என்னும் சொல்லுக்கு அக்குறை இல்லை. தாய்ப்பலகை என்பதும் அவ்வாறே ஆங்கிலத்தின் நிழல்; எனினும் எல்லா உறுப்புகளையும் தாங்கி இணைப்பதால் அது பிழைத்துக்கொண்டது.

விசைப்பலகையிலோ தமிழின் அமைப்பே துணைநிற்கிறது. 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிர் இடக்கைக்கும் மெய்யுள் பெரும்பாலானவை வலக்கைக்கும் உரியன. ககரத்தையும் ஆகாரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் கா பிறக்கும். ஆங்கில எழுத்தை இடைத்தரகாக வைத்துத் தமிழ் தட்டுவோர் இதனை ஒரு கிழமை பழகிப் பார்க்கட்டும்.

அடுத்த முறை கணினி வாங்கும் அன்பர்கள், விலைச்சீட்டில் மெமரி என்றெழுத இசையாது, நினைவகம் இவ்வளவு, சேமிப்பகம் இவ்வளவு எனத் தனித்தனியே எழுதித் தரும்படி கேட்டு வாங்குக. எழுதத் தயங்கும் கடைக்காரர்க்குத் தாமே எழுதிக் காட்டுக.