நடக்க ஆறடி



ஆலங்குடி என்றதும் குரு பகவானை நினைத்துக் கையைக் கூப்பிவிடாதீர்கள். அது திருவாரூர் ஜில்லாவில் இருக்கும் ஆலங்குடி. நான் சொல்ல வந்தது புதுக்கோட்டைக்குக் கிழக்கே, ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கும் ஆலங்குடியைப் பற்றி. தாலுகாவின் தலைமை ஊர் அது. பட்டா கேட்க, பள்ளிக்கூடம் போக, சாமான் வாங்க என்று சுற்று வட்டாரத்துக் கிராமங்களெல்லாம் வந்து போகிற இடம். அந்த ஜில்லாவுக்குப் பெண்களாகிய நாம் ஒரு கடன் பட்டிருக்கிறோம். என்ன கடன் என்கிறீர்களா? சைக்கிள் கடன்!

1991-ம் வருஷம் அங்கே அறிவொளி இயக்கம் ஊர் ஊராக எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி கலெக்டராக இருந்தார். தொண்டர்களில் பலர் பெண்கள். கிராமத்துக்குக் கிராமம் போய் வர பஸ்ஸை நம்பினால் ஆகுமா? ஆகவே 'அ, ஆ'வோடு சைக்கிளும் ஒரு பாடமாயிற்று. வயலில் வேலை செய்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், ஆசிரியைகள், நர்ஸுகள் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். சக்கரமோ சுழன்றுகொண்டே இருந்தது. பெண்கள் சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். "நடுவில் கம்பி இருப்பதும் நல்லதுதான், குழந்தையை உட்கார வைக்கலாம்" என்று நினைத்தவர்களும் உண்டு. இப்படிக் கற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

நல்லது. ஓட்டக் கற்றுக்கொண்டாயிற்று. ஓட்டுவதற்கு வழி?

நமது சிற்றூர்களையும் பட்டணங்களையும் இணைக்கும் சாலைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் சாலை ஒரு படி ஏறுகிறது. பக்கத்து மண்ணோ மழையில் கரைந்து ஒரு படி இறங்குகிறது. நாளடைவில் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு வாசற்படி உயரம் வந்துவிடுகிறது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் போகிற பெண் எங்கே ஒதுங்குவாள்? ஒதுங்கினால் சக்கரம் சறுக்கும், ஒதுங்காவிட்டால் லாரி. நடந்து போகிற பாட்டிக்கும் இதே கதிதான்.

இது வீண் பயமல்ல. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், சும்மா நடந்து போனவர்!

இதைக் கேட்ட தாய் என்ன செய்வாள்? "சைக்கிள் வேண்டாமடி கண்ணே, பஸ்ஸிலேயே போ" என்பாள். பஸ் வராத நாளில், "இன்றைக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம்" என்பாள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், 2005 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் வந்துவிட்டது. கையில் சைக்கிள் இருக்கிறது, ஓட்டவும் தெரிகிறது. ஆனாலும் தாயின் பயத்தால் அது திண்ணையிலேயே சாய்ந்து கிடந்தால், 1991-ல் பாட்டிமார் கேலியைத் தாங்கிச் சம்பாதித்த சுதந்திரத்தைப் பேத்தி சாலை ஓரத்தில் தொலைத்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

சரி, நாம் கேட்க வேண்டியது என்ன? பெரிய மேம்பாலமா? இல்லவே இல்லை. மூன்றே மூன்று காரியங்கள்.

முதலாவது, சாலை ஓரம். தாரோடு சமமாகக் கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டி, தண்ணீர் வடியச் சரிவு கொடுத்தால் சைக்கிளுக்கும் காலுக்கும் இடமாயிற்று. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுத் தார் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். வீடுகள் பள்ளத்தில் போகாமலிருக்க வந்த உத்தரவு அது. சைக்கிள் சக்கரத்துக்கும் அதனால் நன்மைதான்.

இரண்டாவது, பள்ளிக்கூடம், சந்தை, பஸ் நிலையம் இருக்கும் தெருக்களில் நடைபாதை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், தடங்கலின்றி நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. அதாவது ஆறடி. உயரம் அரையடிக்கு மேல் போகக் கூடாது. ஏன் தெரியுமா? உயரம் கூடினால் வயதானவர்களும், கைக்குழந்தைக்காரிகளும் ஏற முடியாமல் சாலையிலேயே நடப்பார்கள். நடுவில் மின் கம்பமும், மூடியில்லாத சாக்கடையும் இருந்தாலும் அதே கதைதான்.

மூன்றாவது, குறுக்கு வழிகள். புதுக்கோட்டை ஜில்லா கண்மாய்களுக்குப் பேர் போனது. கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஒற்றையடிப் பாதைகள் உண்டு. பெரிய சாலைக்கே போகாமல் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர இவற்றைவிட நல்ல வழி ஏது? கரைக்குப் பழுது வராமல் மேலே மண்ணைச் சமன் செய்து, டயரைக் குத்தும் சீமைக் கருவேல முள்ளை வெட்டி, நிழல் மரங்களை விட்டுவைத்து, இருட்டும் இடத்தில் இரண்டு விளக்குப் போட்டால் போதும். செலவு கொஞ்சம்; பலன் ஏராளம்.

"நாம் கேட்டால் நடக்குமா?" என்று சந்தேகப்படாதீர்கள். இன்று சைக்கிளுக்குப் பேர் போன ஹாலந்து தேசத்தில் 1971-ல் மட்டும் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் பலியானார்கள். தாய்மாரும் தந்தைமாரும் கொதித்தெழுந்து, 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே பெயர் வைத்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அந்த ஊர்ச் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தப் பெற்றோரின் கண்ணீர் இருக்கிறது.

நமக்குக் கண்ணீர் வரை போக வேண்டிய அவசியமில்லை. நல்ல நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டம் தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெரிய சாலையென்றால் நெடுஞ்சாலைத் துறை, ஊர்த் தெருவென்றால் பேரூராட்சி. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். "சாலை சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், எந்த இடம், ஓரம் எத்தனை அங்குலம் பள்ளம், எத்தனை பிள்ளைகள் அந்த வழியே போகிறார்கள் என்று எழுதுங்கள். தையல் டேப்பு ஒன்று போதும் அளப்பதற்கு! உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் வார்டு உறுப்பினர் பெண்ணாகவே இருக்கலாம். அந்தப் பள்ளம் அவருக்கும் தெரிந்ததாகவே இருக்கும்.

பட்டணத்துச் சகோதரிகளுக்கு இன்னும் ஒரு வார்த்தை. மனு எழுத உட்காருமுன் உங்கள் வாசலுக்கு வந்து ஒரு நிமிஷம் நில்லுங்கள். கார் ஏறுவதற்காகப் போட்ட சிமெண்டுச் சரிவு எதுவரை நீண்டிருக்கிறது? ஸ்கூட்டர் நிற்பது யார் நடக்கும் இடத்தில்? பூந்தொட்டி வரிசை எங்கே முடிகிறது? சர்க்கார் தர வேண்டிய ஆறடியில் நமது வீடு எத்தனை அடியை விழுங்கியிருக்கிறது என்று அதே டேப்பால் அளந்து பாருங்கள்.

கண்ணை மூடிய பிறகு மனிதனுக்கு ஆறடி மண் நிச்சயம் உண்டு. நாம் கேட்பதும் ஆறடிதான். உயிரோடு இருக்கும்போதே, நடப்பதற்கு!