ஏறுவதும் இறங்கும்

‘மேலே’ என்றால் ‘கீழே’, ‘சூடு’ என்றால் ‘குளிர்’ என்று எதிர்ச்சொற்களை இணை இணையாக மனப்பாடம் செய்விப்பது நம் வழக்கம். குழந்தையும் கிளிப்பிள்ளையைப்போல் ஒப்பித்துவிடும். ஆனால், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் நான்கு வயதுக் குழந்தையிடம், “வலி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?” என்று மருத்துவர் கேட்கும்போதுதான் அச்சொற்களின் பொருள் அதற்குத் தெரியுமா என்பது விளங்கும். சொல் வாய்க்காத குழந்தைக்கு அழுகை ஒன்றே மொழி.

ஆகவே, எதிர்ச்சொற்களைப் பொருளோடு கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு வெப்பக்காற்றுப் பலூன் மிகவும் ஏற்றது. உள்ளிருக்கும் காற்று சூடேறினால் விரிந்து இலேசாகிறது, பலூன் ஏறுகிறது. காற்று ஆறினால் இறங்குகிறது. சூடு–குளிர், இலேசு–கனம், ஏற்றம்–இறக்கம் ஆகிய மூன்று இணைகளும் ஒரே காட்சியில் அடங்கிவிடுகின்றன. 1783 செப்டம்பர் 19 அன்று பிரான்சு நாட்டின் வெர்சாய் அரண்மனையிலிருந்து மோன்கோல்ஃபியே சகோதரர்களின் பலூனில் ஒரு செம்மறியாடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் ஏறிச் சென்று உயிரோடு இறங்கின. இதைக் கதையாகச் சொன்னால் எந்தக் குழந்தைதான் கேட்காது?

காகிதத்தில் ஒரு பலூன் வெட்டி, கட்டிலருகே நூலில் கோத்துத் தொங்கவிடுங்கள். வலி கூடினால் மேலே, குறைந்தால் கீழே என்று குழந்தையே நகர்த்தட்டும். அது காட்டும் நிலையைச் செவிலியரிடம் தவறாமல் தெரிவியுங்கள். ஊதும் ரப்பர் பலூன் வேண்டாம். உடைந்த துண்டு சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும்.

பெரியோராகிய நாமும் இதில் கற்க வேண்டியது உண்டு. “ஊசி வலிக்கவே வலிக்காது” என்று அன்பினால் பொய் சொல்கிறோம். ஊசி வலித்ததும் குழந்தை நம்மையே நம்ப மறுக்கிறது. அதைவிட, “பலூன் கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கிவிடும், நான் அருகிலேயே இருப்பேன்” என்று சொல்வது உண்மை, ஆறுதலும்கூட.

மற்றொன்றும் கூற வேண்டும். அழுகிற குழந்தையைக் ‘கோழை’ என்றும், அழாத குழந்தையைத் ‘தைரியசாலி’ என்றும் பிரிக்காதீர்கள். அழுகையும் துணிவும் எதிர்ச்சொற்கள் அல்ல. அழுதுகொண்டே கையை நீட்டும் குழந்தையிடம் அவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.