பேய் பார்க்க வேலூருக்கு!

அமெரிக்காவின் தென்பகுதியில் சவானா என்று ஓர் ஆற்றங்கரை ஊர் இருக்கிறது. அங்கே போகிறவர்கள், இருட்டியதும் கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, "எந்த வீட்டில் எந்தப் பேய்?" என்று தெருத் தெருவாக நடப்பார்களாம். அதற்காக அவ்வளவு தூரம் போவானேன்? நம் பாலாற்றங்கரையில் வேலூர் இருக்கிறதே! வழிகாட்டிகூட வேண்டாம். காலில் நல்ல ஆம்பூர்ச் செருப்பு இருந்தால் போதும்.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. அத்துடன் அவ்வூர்ப் பெண்களின் அழகைப் பற்றியும் ஏதோ சொல்வார்கள். சொன்ன மனிதர் கண்ணைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் வேலூரிலேயே பேர்போன ஆஸ்பத்திரி உண்டு. சாமி விஷயமும் இப்போது பொய். 1981-ல் ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். கல்யாண மண்டபத்துத் தூண்களுக்கு மட்டும் அரை மணி ஒதுக்குங்கள்.

பிறகு மகால்கள் இருக்கும் பக்கம் நடக்கலாம். 1799-ல் திப்பு சுல்தான் மாண்டபின் அவர் பிள்ளைகளையும் பெண்களையும் வெள்ளைக்காரர் இங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 9-ந் தேதி திப்புவின் பெண்களில் ஒருத்திக்குக் கல்யாணம். மறுநாள் விடியுமுன்னே துப்பாக்கி வெடித்தது.

காரணம் என்ன தெரியுமா? நெற்றியில் சின்னம் கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது என்று சிப்பாய்களுக்கு உத்தரவு. போதாததற்குத் தோல் வைத்த புதுத் தலைப்பாகை வேறு! ஊர் ஊராகத் தோலால் பிழைக்கும் இந்தச் சீமையில், ஒரு துண்டுத் தோல் பட்டாளத்தையே கொதிக்க வைத்திருக்கிறது.

கோட்டைத் தளபதி பான்கோர்ட் அன்று மாண்டார். அவர் மனைவி இரண்டு சின்னக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு கோழிக் கூண்டில் போய் ஒளிந்தாள். குழந்தைகளைச் சத்தம் போடாமல் எப்படித்தான் வைத்திருந்தாளோ! உயிர் தப்பி, பின்னால் அந்தக் கதையை அவளே எழுதினாள். சிப்பாய்களுக்கும் மனைவிமார் இருந்திருப்பார்கள். அவர்கள் அன்று எங்கே ஒளிந்தார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு பாய்ந்து வந்தான். அரண்மனையில் புகுந்திருந்த சிப்பாய்கள் சுமார் நூறு பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். அன்று மாண்ட சிப்பாய்கள் மொத்தம் சுமார் 350 பேர் என்பார்கள். 69-வது பட்டாளத்து வெள்ளைக்காரர்களுக்குக் கோட்டைக்கு வெளியே கல்லறையும் நினைவுச் சின்னமும் இருக்கின்றன. சிப்பாய்களுக்காக மக்கான் சந்திப்பில் ஒரு தூண், அதுவும் சுதந்திரம் வந்த பிறகு. பஸ் இரைச்சலில் அதை நிமிர்ந்து பார்க்கிறவர் யார்? நானே இரண்டு தடவை பார்க்காமல் கடந்திருக்கிறேன்.

இனி ஓர் ஆட்டோ பிடித்துப் பாலாற்றங்கரைக்கு வாருங்கள். முத்து மண்டபம் என்று கேட்டால் கொண்டுவந்து விடுவார்கள். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கே அடங்கியிருக்கிறார். இலங்கையை ஆண்டவர், நாயக்கர் வம்சம். 1815-ல் பிடிபட்டு, மறு வருஷம் வேலூருக்கு வந்து, 1832 ஜனவரி 30-ல் காலமாகும் வரை கைதிதான். ராஜா இல்லாத கோட்டையாம்! பதினாறு வருஷம் ஒரு ராஜா உள்ளே அடைபட்டுக் கிடந்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்திய ஆவி ஆறுதான். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதை எல்லாரும் பார்த்தோம். மற்ற நாளில் மணல்தான். போதாக்குறைக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஷெட்டுகளின் கழிவு ஆற்றுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் இறங்கியது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு ஷெட்டுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது; கழிவைச் சுத்தம் செய்யாதவர்களை மூடவும் சொன்னது. தோலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும்; ஷெட்டு வேலையில் அடுப்பெரியும் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

கரையோரக் கடையில் ஒரு பாட்டியம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நான் கண்ணாலம் ஆகி வந்தப்போ ஆத்து மணல்ல கையாலேயே ஊத்து தோண்டிக் குடிப்போம், அம்மா. இளநீ மாதிரி இருக்கும்" என்றாள்.

எனக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் கேட்டேன். பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இருபது ரூபா."