ஜூமில் விட்ட மூச்சு

"நாலு எண்ணி இழுங்க, ஆறு எண்ணி விடுங்க, கண்ணை மூடிக்கோங்க." அலுவலக ஜூமில் அந்தப் பயிற்சியாளர் சொன்னதும் கேமராவை அணைத்துவிட்டு பாத்ரூமுக்கு ஓடினேன். விபத்து நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஓ.எம்.ஆரில் கவிழ்ந்த பைக், நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஹேண்டில்பார், இழுத்தும் உள்ளே வராத காற்று. கண்ணை மூடி மூச்சைக் கவனி என்றால் என் உடம்பு போய் நிற்கிற இடம் அதுதான். 'எல்லோருக்கும் பாதுகாப்பான பயிற்சி' என்று மெயில் போட்ட ஹெச்.ஆருக்கு இது தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

மூச்சுப் பயிற்சியே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல நம் இலக்கிய நண்பர்கள் இருக்கிறார்கள். 'கார்ப்பரேட் சாமியார் சமாச்சாரம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு டீ சொல்வார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டைதான். மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடுகிறது, விடும்போது குறைகிறது. வேகஸ் நரம்பின் வேலை அது. எந்தச் சாமியாரும் கண்டுபிடித்ததில்லை.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் இருந்த 183 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. யோக மூச்சு கற்றவர்களுக்கு அதிர்ச்சியின் அறிகுறிகள், ஆறு வாரம் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட வெகுவாகக் குறைந்தன. கூடவே பேச்சு சிகிச்சையும் பெற்ற குழு, மூச்சு மட்டும் பெற்ற குழுவைப் பெரிதாக முந்தவில்லை. என் கட்சிக்குப் பாதகமான தகவல்தான், மறைக்கப் போவதில்லை. ஆனால் ஆட்களைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை, முகாம் வாரியாகப் பிரித்தார்கள். மேலும், ஆசிரியர் நேரில் உட்கார்ந்து பல மணி நேரம் கற்றுக்கொடுத்தது அது. இருபது நிமிட ஜூமுக்கு அதைச் சாட்சியாக இழுக்க முடியாது.

நான் கடைசியில் போய்ச் சேர்ந்த உளவியலாளர் முதல் நாளே மூச்சைத்தான் சொல்லிக்கொடுத்தார். கண் திறந்தே இருக்கணும், கால் தரையில் பதியணும், இழுப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், விடுவதை மட்டும் நீட்டினால் போதும். இரண்டே நிமிடம். நாலாவது அமர்வில் விபத்தை ஆரம்பத்திலிருந்து வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். ஹேண்டில்பார் வந்த இடத்தில் நான் மெல்ல எண்ண ஆரம்பித்தேன். "இப்ப எண்ணாதீங்க. எண்ணினா அங்கேருந்து ஓடிடறீங்க" என்றார். எட்னா ஃபோவா வகுத்த சிகிச்சை முறையிலும் இப்படித்தான். மூச்சு தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகிறது, நினைவை எதிர்கொள்ளும் நேரத்தில் அதற்கு இடமில்லை. எர்ரரை கேட்ச் பண்ணி, லாக்கூட எழுதாமல் விழுங்குகிற கோடைப் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரீனில் எல்லாம் பச்சை, உள்ளே டேட்டா நாசம். மூச்சை அப்படிப் பயன்படுத்தவும் முடியும். கூட ஒருத்தர் உட்கார்ந்து பார்க்காவிட்டால் அது நமக்கே தெரியாது.

ஒரு அமர்வுக்கு 2,000 ரூபாய். எனக்குப் பன்னிரண்டு தேவைப்பட்டது. உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். எங்கள் குழுக் காப்பீடோ, மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் என்கிறது. அதுவும் சமம்தான், காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாலும் தரமாட்டார்கள். ஆனால் இந்த நோய்க்கான சிகிச்சையே வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதுதான். ஒரு ஜூமுக்கு முந்நூறு பேரை உட்கார வைத்துவிடலாம், தலைக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பயிற்சிக்கு எதிராக எனக்கு ஒன்றுமில்லை. சிகிச்சைக்குத் தரவேண்டிய பணத்தின் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைக்கிறார்களே, கோபம் அங்கேதான்.

வெளிநோயாளி சிகிச்சையையும் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லி எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: கருத்துக்கு நன்றி, அடுத்த மூச்சுப் பயிற்சி வியாழன் மூன்று மணிக்கு, வர முடியாதவர்களுக்கு ரெக்கார்டிங் அனுப்பப்படும்.