நாய்க்குக் கயிறு கேட்டு வர்றவங்களுக்கு



தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு பைரவர் சன்னதி வரிசையைப் பார்த்துக்கிற தொண்டூழியர்ங்கிற முறையில இதை எழுதுறேன். வடைமாலைக்குச் சீட்டு எங்க வாங்கணும்னு கேக்கிறவங்களோட சேர்ந்து, கொஞ்ச நாளா இன்னொரு கேள்வியும் வருது. "தம்பி, வீட்டு நாய் ஓயாம குரைக்குது. ஐயர்கிட்ட சொல்லி ஒரு கறுப்புக் கயிறு மந்திரிச்சுத் தரச் சொல்றீங்களா?" திருஷ்டி கழிக்கலாமான்னு ஒருத்தர். ராத்திரியில வெறும் மூலையைப் பார்த்துக் குரைக்குதே, வீட்டுல ஏதாவது இருக்குமோன்னு பயந்துபோய் ஒரு அக்கா.

என் கருத்தை நேராவே சொல்லிடுறேன். கயிறு கட்டுறது உங்க நம்பிக்கை, கட்டிக்கோங்க. ஆனா நாய் குரைக்கிறது தோஷத்தால இல்ல. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, பெரும்பாலும் அந்தக் காரணம் நம்ம வீட்டு நடைமுறையில இருக்கு. கோயிலே கதின்னு இருக்கிற குடும்பங்கள்ல இன்னும் கொஞ்சம் அதிகமாவே இருக்கு.

நம்மள்ல முக்கால்வாசிப் பேர் வீவக வீட்டுல இருக்கோம். ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிச்ச சின்ன இனமா இருக்கணும். தோள் உயரம் 40 சென்டிமீட்டர், எடை 10 கிலோ, அதுக்கு மேல கூடாது. அதனாலதான் எங்க பார்த்தாலும் பொமரேனியன், ஷிட்சு, மால்டீஸ், ஷ்னாசர். நாய் சின்னது, சத்தமும் சின்னதா இருக்கும்னு நினைச்சு வாங்கிட்டு வர்றோம். அந்தக் காலத்துல ஜெர்மனிப் பண்ணைகள்ல எலி பிடிக்கவும் காவலுக்கும் வளர்த்த நாய்தான் ஷ்னாசர். பொமரேனியன் பெரிய ஸ்பிட்ஸ் நாய்கள் வழியில வந்தது. உடம்பைத்தான் சின்னதாக்கினாங்க, புத்தி அப்படியேதான் இருக்கு. ஆள் வந்தா சொல்றது தன்னோட வேலைன்னு அதுக்குத் தெரியும்.

நாம என்ன பண்றோம்? காத்து வரட்டும்னு மரக்கதவைத் திறந்து போட்டு, கேட்டை மட்டும் பூட்டி வைக்கிறோம். நாயோட படுக்கை கேட்டுக்குப் பக்கத்துல. காரிடார்ல பார்சல் கொண்டு வர்றவர் போறார், எதிர்வீட்டுப் பிள்ளை ஸ்கூல் விட்டு வருது, துப்புரவு அங்கிள் போறார். ஒவ்வொருத்தரும் வந்தாங்க, இது குரைச்சுது, அவங்க போயிட்டாங்க. அவங்க தங்களோட வேலையைப் பார்த்துப் போனாங்கன்னு நமக்குத் தெரியும். நாயோட கணக்குல அது துரத்திவிட்டுடுச்சு. ஒரு நாளைக்கு முப்பது தடவை ஜெயிக்கிற விளையாட்டை அது எப்படி விடும்?

இதுக்கு மந்திரம் வேண்டாம். கேட்டோட கீழ்ப்பாதியை மறைங்க, வெளிச்சம் வர்ற மாதிரி ஒரு பலகையோ ஒட்டுற தாளோ போதும். படுக்கையை உள்ளே தள்ளிப் போடுங்க. காலடிச் சத்தம் கேட்டதும், அது வாய் திறக்கிறதுக்கு முன்னாடியே பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்க. காலடி கேட்டா வீட்டுக்காரங்ககிட்ட ஓடணும்னு அது கத்துக்கணும். அழைப்புமணிக்கும் இதேதான். மணிச் சத்தத்தைக் கைப்பேசியில பதிவு பண்ணி, முதல்ல காதுல விழுந்தும் விழாத அளவுக்கு மெதுவா வைங்க. சும்மா இருந்தா ஒரு துண்டு. நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமா சத்தத்தைக் கூட்டுங்க. வாரக்கணக்குல ஆகும். "சும்மா இரு சனியனே"ன்னு சோபாவுல இருந்து கத்துறது மட்டும் வேலைக்கு ஆகாது. நாமளும் கூடச் சேர்ந்து குரைக்கிறோம்னு அது நினைச்சுக்கும். (சனியன்னு திட்டிட்டு சனிக்கிழமை எள் தீபம் ஏத்த வர்றவங்களும் இருக்காங்க, அதை விடுங்க.)

தின்பண்டம்னு சொன்னேன்ல, பிரசாதத்தைக் கொடுத்துடாதீங்க. திராட்சை, அது காய்ஞ்ச திராட்சையா இருந்தாலும், நாயோட சிறுநீரகத்தைக் கெடுத்துடும். நம்ம சர்க்கரைப் பொங்கல்ல, கேசரியில எல்லாம் அது இருக்கு. வெங்காயம் போட்ட வடையும் ஆகாது, சாக்லேட்டும் ஆகாது. புரட்டாசியில வீட்டுல கோழி வேகாதேன்னு கவலை வேண்டாம். அவிச்ச பூசணி, கேரட், வெறும் இட்லியில ஒரு விள்ளல் போதும். சுண்டுவிரல் நகம் அளவு கொடுத்தாலே அதுக்குச் சந்தோஷம்.

சாப்பாட்டு மேசைக்குக் கீழே நின்னு கேட்டுக் குரைக்கிற நாய் வேற வகை. அதுக்குப் பெரும்பாலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ ரகசியமா முறுக்கு கொடுத்துப் பழக்கியிருப்பாங்க. எல்லாரும் ஒரே நாள்ல நிறுத்தினாத்தான் அது நிக்கும். நிறுத்தினதும் முதல் சில நாள் சத்தம் கூடும், அதுக்குப் பயந்து அஞ்சாம் நாள் ஒரு துண்டு போட்டீங்கன்னா, அஞ்சு நாள் குரைச்சா கிடைக்கும்னு அது கத்துக்கிட்டு இருக்கும்.

மூலையைப் பார்த்துக் குரைக்குதுன்னு பயந்த அக்காகிட்ட நான் ஒண்ணுதான் கேட்டேன். நாய்க்கு என்ன வயசு? பதிமூணு. வயசான நாய்களுக்கு மனுஷங்களுக்கு வர்ற மாதிரியே மறதி நோய் வரும். ராத்திரி பகல் குழம்பிப் போகும், சுவத்தையே பார்த்துக்கிட்டு நிக்கும், மூலையில போய் மாட்டிக்கிட்டுத் திரும்பத் தெரியாம கத்தும். காது மந்தமானாலும், மூட்டு வலிச்சாலும், பல் வலிச்சாலும் கத்தும். திடீர்னு பழக்கம் மாறினா முதல்ல கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. நாய் ஊளையிட்டா வீட்டுல சாவு விழும்னு சொல்லிச் சொல்லி நம்ம பெரியவங்க நம்மைப் பயமுறுத்தி வைச்சிருக்காங்க. வலியில கத்துற ஜீவனை வாசல்ல கொண்டுபோய்க் கட்டுறதுலதான் அந்தப் பயம் முடியுது.

இப்ப நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்ச விஷயத்துக்கு வர்றேன்.

நவராத்திரி ஒன்பது ராத்திரியும் குடும்பத்தோட கோயில்ல இருக்கோம். தீமிதி வருது, தீபாவளி வருது. தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரியே கிளம்பி, பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் பால்குடத்தோட நடந்து, தண்ணிப் பந்தல்ல நின்னு, வீடு திரும்ப மறுநாள் சாயந்திரம் ஆகிடுது. அவ்வளவு நேரமும் வீட்டுல யாரு இருக்கா? அந்த நாய் மட்டும்தான். நாய் கூட்டமா வாழ்ற பிராணி, அதுக்கு நாமதான் கூட்டம். எல்லாரும் ஒரேயடியா மறைஞ்சுட்டா, திரும்பி வருவாங்கங்கிற கணக்கு அதுக்குத் தெரியாது. கதவைப் பிறாண்டும், எச்சில் ஒழுகும், தொண்டை கட்டுற வரைக்கும் குரைக்கும். நமக்கு அது தெரியாது, ஏன்னா நாம வீட்டுல இல்ல. கேக்கிறது பக்கத்து வீட்டு ஆண்டி, அவங்க வீட்டுல ஒரு கைக்குழந்தை, மறுநாள் காலை வேலைக்குப் போகணும். தருமர் நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன்னு நின்ன கதையைச் சொற்பொழிவுல கேட்டு நாம கண்ணைத் துடைக்கிற அதே நேரத்துல அவங்க காதைப் பொத்திக்கிட்டு இருக்காங்க.

தனிமைக் குரைப்பைத் திருவிழாவுக்கு முதல் நாள் சரிபண்ண முடியாது. ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும். சாவியை எடுங்க, செருப்பைப் போடுங்க, மறுபடி உட்கார்ந்துடுங்க. சாவிச் சத்தம் கேட்டாலே பதறுறது முதல்ல குறையட்டும். அப்புறம் வெளிய போய் அரை நிமிஷத்துல வாங்க. பிறகு ஒரு நிமிஷம், மூணு நிமிஷம், பத்து நிமிஷம். பதற ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி திரும்பி வரணும், அதுதான் சூட்சுமம். பழைய கைப்பேசியை கேமராவா வைச்சுப் பாருங்க, எத்தனாவது நிமிஷத்துல ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுடும். கிளம்புறதுக்கு முன்னாடி நல்லா நடக்க விட்டு, உள்ளே தீனி அடைச்ச பொம்மை ஒண்ணைக் கொடுத்துட்டுப் போங்க. பணிப்பெண் இருக்கிற வீடுன்னா, அவங்களுக்கு நாயோட பழக்கம் இருக்கா, பயமான்னு முதல்ல கேளுங்க.

சிலர் குறுக்கு வழி தேடுறாங்க. குரைச்சா ஷாக் அடிக்கிற கழுத்துப்பட்டை கிடைக்குதே, வாங்கலாமான்னு ஒரு அண்ணன் கேட்டார். வாங்காதீங்க. பயத்துல குரைக்கிறதுக்கு வலியையும் சேர்த்துக் கொடுத்தா பயம்தான் கூடும், சில நாய் கடிக்க ஆரம்பிச்சுடும். வேல்ஸ் நாட்டுல 2010லேயே அதைத் தடை பண்ணிட்டாங்க. குரல்வளையில அறுவை செஞ்சு சத்தத்தைக் குறைக்கிறதும் உண்டு. செஞ்ச பிறகும் நாய் குரைக்கும், கரகரன்னு காத்துதான் வரும். தழும்பு வளர்ந்து மூச்சுத் திணறலும் வரலாம். அது எதுக்குக் குரைச்சதோ அந்தக் காரணம் மட்டும் அப்படியே இருக்கும். பைரவருக்கு வாகனம்னு கும்பிட்டுட்டு அந்த வாகனத்தோட தொண்டையை அறுக்கிறது எனக்குச் சரின்னு படல. கோபப்படுறவங்க கோபப்படட்டும்.

பக்கத்து வீட்டுக்காரங்க புகார் கொடுக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. நீங்களே முதல்ல போய்க் கதவைத் தட்டுங்க. "சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கும், பழக்கிக்கிட்டு இருக்கோம், எந்த நேரத்துல அதிகமா கேக்குதுன்னு சொல்றீங்களா"ன்னு கேளுங்க. உங்களுக்கு வேண்டிய தகவலும் கிடைக்கும், அவங்க கோபமும் பாதி இறங்கும். லிஃப்ட்ல மலாய்க் குடும்பம் இருந்தா நாயைத் தூக்கிக்கிட்டு அடுத்த லிஃப்டுக்கு நில்லுங்க, ஒரு நிமிஷம்தான். பேச்சு முத்திப் போனா சமூக சமரச நிலையம் இருக்கு. வக்கீல் இல்லாம உட்கார்ந்து பேசி முடிக்கலாம்.

இதுல கோயில் பக்கமா நாம செய்யக்கூடியதும் ஒண்ணு இருக்கு. நவராத்திரி தொண்டூழியர் பட்டியல் தயாராகுது. கணவன் மனைவி ரெண்டு பேரும் ஒரே ராத்திரியில அன்னதானம், செருப்பு மேசைன்னு பேர் கொடுக்கிறீங்க. வீட்டுல நாய் இருக்கிறவங்க பேருக்குப் பக்கத்துல "நாய்"னு ஒரு வார்த்தை எழுதுங்க. சிரிக்க மாட்டோம். ஒருத்தருக்கு ஆறரை மணி முறை, இன்னொருத்தருக்கு மறுநாள் முறைன்னு பிரிச்சுப் போடச் சொல்லி ஒருங்கிணைப்பாளர்கிட்ட பேசிட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க. தைப்பூச ராத்திரிக்கு, ஒரே வட்டாரத்துல இருக்கிற ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்து யாராவது ஒருத்தர் வீட்டுல நாய்களோட இருக்கலாம். வீட்டுக்குள்ள ஒண்ணுக்கு மேல வைச்சுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, அதனால ஆள்தான் வீடு வீடா போய்ப் பார்க்கணும், நாயைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம். ஈசூன், செங்காங் பக்கம் நான் பார்த்துக்கிறேன். மத்த வட்டாரத்துல யார் முன்வர்றீங்கன்னு கீழே சொல்லுங்க, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் பட்டியலைப் பூட்டணும்.