நட்ட காடும் காடுதான்

ஆசிரியருக்கு,

மனிதர் நட்டு வளர்த்தது காடாகாது என்போர் டோக்கியோவின் மெய்ஜி ஆலயக் காட்டைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 70 ஹெக்டேர் நிலத்தில், நாடெங்கும் மக்கள் கொடையாக அனுப்பிய சுமார் 1 லட்சம் மரங்களை 1915 முதல் நட்டார்கள். அன்றைய பிரதமர் ஓகுமா ஷிகெனொபு கேட்டது நிக்கோ நகரில் உள்ளதுபோன்ற, சுகி எனும் ஊசியிலை மரங்களின் கம்பீரமான தோப்பு. வனவியலாளர் ஹோண்டா செய்ரோக்கு இணங்கவில்லை. டோக்கியோவின் மண்ணிலும் புகையிலும் சுகி தழைக்காது என்பதை நிக்கோ மரங்களின் வளர்ச்சியோடு ஒப்பிட்டுக் காட்டி, ஓக், கற்பூர மரம் போன்ற பசுமை மாறா அகன்ற இலை மரங்களைத் தேர்ந்தார். பதவிக்குப் பணியாத அந்த அறிவியல்தான், என் கணிப்பில், காட்டைக் காப்பாற்றியது.

பலன் காண நூறாண்டு யார் காத்திருப்பது என்ற கேள்வி நியாயமானதே. அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: உயர்ந்த பைன் மரங்கள் தொடக்கத்திலேயே காட்டின் தோற்றம் தந்தன, அடியில் நின்ற ஓக்குகள் மெல்ல எழுந்து அந்த இடத்தைப் பிடித்தன. பாதையில் உதிரும் இலைகளைக் கூட்டி இன்றும் மரத்தடியிலேயே சேர்க்கிறார்கள். நம் ஊர்களிலோ, மியாவாக்கி முறையில் நெருக்கமாக நடும் குறுங்காடுகளைத் தொடங்குவோர் கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் அறிவிக்கிறார்கள். எந்த மண்ணுக்கு எந்த மரம், ஏன் என்பதையும் அவர்கள் முன்கூட்டியே வெளியிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
மதுரை